வண்ணத்துக்குள் நடந்தவர்

விடியற்காலை நான்கு மணிக்குப் பெரிய மார்க்கெட்டின் பூக்கடை வரிசையில் நின்றிருக்கிறீர்களா, நண்பர்களே? நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் இடையே பரந்து கிடக்கும் அந்த இடத்துக்கு ஏட்டில் உள்ள பெயர் குபேர் அங்காடி. புதுவையின் முதல் முதலமைச்சராக விளங்கிய எதுவார் குபேரின் நினைவாக வைத்த பெயர். அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் உள்ளூர்க்காரர் ஒரு கணம் விழிப்பார். பெரிய மார்க்கெட் என்றால்தான் கை தானாக நீளும். அங்கே என் ஆயாவுக்கு ஒரு சிறு பூக்கடை உண்டு. பள்ளி நாளிலிருந்து மூட்டை பிரித்துக் கொடுத்து வளர்ந்தவன் நான். சாமந்தி ஒரு குவியல், அரளி ஒரு குவியல், துளசி ஒரு கட்டு, பின்னால் தொங்கும் நீலத் தார்ப்பாய். அந்த அரை வெளிச்சத்தில் ஆட்களின் முகம் தெரியாது. நிறங்கள் மட்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நகரும்.

இதையெல்லாம் நாள்தோறும் பார்த்தவனுக்கு ஒரு படத்தைப் பார்க்கத் தெரியாமல் போனது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, காந்தி வீதி நடைபாதைச் சந்தையில், அட்டை கிழிந்த பிரெஞ்சு ஓவியப் புத்தகம் ஒன்றை 40 ரூபாய்க்கு வாங்கினேன். அதில் ஓர் அச்சோவியம். வட்டங்கள், சாய்ந்து பாயும் கோடுகள், சதுரங்கக் கட்டம் போல ஒரு துண்டு. சிவப்பு, மஞ்சள், நீலம். வீடு இல்லை, மரம் இல்லை, மனிதர் இல்லை. எங்கள் கடையில் பூப் பொட்டலம் மடிக்க அச்சகக் கழிவுத் தாள் எடைக்கு வாங்குவோம். ஒரே தாளில் நான்கு விளம்பரம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கிடக்கும். இதுவும் அந்த இனந்தான் என்று தோன்றியது. வகுப்பில் நாலு பேரிடம் காட்டிச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நிறுத்தியவர் என் ஆயா. அந்தக் கதை பின்னால் வருகிறது. முதலில் படத்தின் சொந்தக்காரரைப் பார்ப்போம்.

அவர் வசீலி காண்டின்ஸ்கி. 1866 டிசம்பரில் மாஸ்கோவில் பிறந்தவர். தந்தை தேயிலை வணிகர். சைபீரியாவில் மங்கோலிய எல்லையை ஒட்டிய கியாக்தா ஊரைச் சேர்ந்தவர். குடும்பம் கருங்கடற்கரை ஒதேசாவுக்குக் குடிபெயர்ந்தது. சிறுவயதிலேயே தாயும் தந்தையும் பிரிந்துவிட, பெரியம்மா முறையான ஒருத்தியின் கையில் வளர்ந்தார். பியானோவும் செல்லோவும் கற்றார். ஆனால் ஓவியராக வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை; அவரே நினைக்கவில்லை. 1886-இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சட்டமும் பொருளாதாரமும் படிக்கச் சேர்ந்தார். நம்மில் பலரைப் போலவே, வீட்டார் மெச்சும் படிப்பு.

1889-இல் ஓர் ஆய்வுக் குழு அவரை வட ரஷ்யாவின் வோலக்தா பகுதிக்கு அனுப்பியது. அங்குள்ள குடியானவர்களின் வழக்காற்றுச் சட்டங்களைக் குறித்து வர வேண்டும் என்பது பணி. குறிப்புகள் எடுத்தார்தான். ஆனால் அவரைப் பிடித்துக்கொண்டது சட்டமன்று. அந்த மக்களின் மர வீடுகளில் சுவர், அலமாரி, பெட்டி, கட்டில் எல்லாவற்றிலும் வண்ணச் சித்திரம். மூலையில் தெய்வப் படங்கள், முன்னால் எரியும் விளக்கு. வாசலில் கால் வைத்தவர், ஒரு படத்துக்கு எதிரே நிற்பதாக அல்லாமல் படத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டதாக உணர்ந்தார். பார்ப்பவனை வெளியே நிறுத்தாமல் உள்ளே நடக்க வைக்கும் படம் ஒன்றைத் தானும் செய்ய வேண்டும் என்ற ஆசை அந்த வாசற்படியில் விழுந்த விதை. இந்த இடத்தைப் படித்தபோது எனக்குப் பூக்கடை வரிசைதான் நினைவுக்கு வந்தது. மார்க்கெட்டை யாரும் எதிரே நின்று பார்ப்பதில்லை. அதற்குள் நடக்கிறோம்.

படிப்பு முடிந்து விரிவுரையாளர் நிலையை எட்டினார். 1895-இல் மாஸ்கோவின் ஓர் அச்சகத்தில் கலை மேலாளராகவும் வேலை பார்த்தார். தூரிகை பிடித்துப் பிழைப்பதற்கு முன்பே மை வாசனை அவருக்குப் பழகிவிட்டது. அடுத்த ஆண்டு மாஸ்கோவில் பிரெஞ்சு ஓவியக் கண்காட்சி ஒன்று நடந்தது. அங்கே மோனே தீட்டிய வைக்கோற்போர் இருந்தது. பட்டியலைப் பார்க்கும்வரை அது வைக்கோற்போர் என்றே அவருக்குத் தெரியவில்லை. பொருள் தெரியாதபடி வரைய ஓவியனுக்கு உரிமை உண்டா என்று எரிச்சல்கூட வந்ததாம். ஆனால் வீடு திரும்பிய பின்னும் படம் மனத்தை விட்டுப் போகவில்லை. பொருள் தெரியாமலே படம் மனத்தில் நிற்கும் என்றால், படத்துக்குப் பொருள் எதற்கு? அதே காலத்தில் வாக்னரின் லோஹென்கிரின் இசை நாடகத்தைக் கேட்டபோது, வாத்திய ஒலிகள் கண்ணெதிரே வண்ணக் கோடுகளாக ஓடுவதைக் கண்டார்.

1896-இல் தோர்பாத் பல்கலைக்கழகம் அவருக்குச் சட்டப் பேராசிரியர் பதவி தர முன்வந்தது. வயது 30. மறுத்துவிட்டு, ஓவிய மாணவனாக ஜெர்மனியின் மியூனிக் நகருக்கு ரயிலேறினார். அங்கே ஓவியக் கழகத்தில் சேர முயன்றபோது இன்னும் வரையப் பழகி வா என்று திருப்பி அனுப்பினார்கள். பேராசிரியராகப் போயிருக்க வேண்டியவர் ஓராண்டு காத்திருந்து, 1900-இல் பிரான்ஸ் ஸ்டுக்கிடம் மாணவராகச் சேர்ந்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெரியவர்கள் வாழ்க்கையை எழுதும்போது குறையை மறைப்பது நம் பழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. மியூனிக்கில் காண்டின்ஸ்கி நடத்திய பள்ளியில் கப்ரியேலா மூன்டர் என்ற மாணவி சேர்ந்தார். தாமே தேர்ந்த ஓவியர். இருவரும் பல ஆண்டுகள் ஒன்றாக வாழ்ந்தார்கள். துனிஸ், இத்தாலி, பாரிஸ் என்று சுற்றினார்கள். 1908 முதல் ஆல்ப்ஸ் மலையடியில் உள்ள மூர்னாவ் ஊரில் தங்கி வரைந்தார்கள். மணப்பதாகச் சொன்ன காண்டின்ஸ்கி மணக்கவில்லை. 1914-இல் போர் மூண்டதும் ரஷ்யா திரும்பி, 1917-இல் நினா என்ற இளம்பெண்ணை மணந்தார். கைவிடப்பட்ட மூன்டர் என்ன செய்தார் தெரியுமா? தம்மிடம் இருந்த அவருடைய படங்களை, ஹிட்லர் ஆட்சி முழுவதும் தம் வீட்டு நிலவறையில் மறைத்துக் காத்தார். 1957-இல், தமது 80-ஆம் வயதில், அவற்றை மியூனிக் நகர அருங்காட்சியகத்துக்கு வழங்கினார். அவர் காப்பாற்றியிராவிட்டால் காண்டின்ஸ்கியின் முற்காலப் படங்களில் பெரும்பகுதியை உலகம் பார்த்திருக்காது. இந்த வாழ்க்கையில் நான் மிகவும் வணங்கும் ஆள் இவர்தான்.

நிற்க. மியூனிக்கில் ஒரு மாலை காண்டின்ஸ்கி தம் அறைக்குத் திரும்பினார். பொழுது சாயும் நேரம். சுவரோரம் இன்னதென்று தெரியாத, ஆனால் உள்ளே நெருப்பு எரிவது போன்ற ஒரு படம் இருந்தது. திகைத்துப் போனார். கிட்டே போய்ப் பார்த்தால், அவர் வரைந்த படமேதான். பக்கவாட்டில் சாத்தி வைத்திருந்தது. மறுநாள் பகல் வெளிச்சத்தில் அதே மயக்கத்தை வரவழைக்கப் பார்த்தார், வரவில்லை. பொருள்கள் தெரிந்துவிட்டன. தம் படங்களைக் கெடுப்பது பொருள்களே என்ற முடிவுக்கு அன்று வந்தார். 1910 முதல் 1913 வரையிலான ஆண்டுகளில் குதிரையும் மலையும் படகும் அவர் படங்களிலிருந்து மெல்லக் கரைந்து மறைந்தன.

இந்த மாற்றத்துக்கு நம் பக்கத்து ஊரின் காற்றும் கொஞ்சம் வீசியது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 1882 முதல் சென்னை அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்டது பிரம்மஞான சபை. அதன் தலைவராக விளங்கிய அன்னி பெசன்ட் அம்மையாரும் லெட்பீட்டரும் எண்ண வடிவங்கள் பற்றி ஒரு நூல் எழுதியிருந்தார்கள். கோபத்துக்கு ஒரு நிறமும் வடிவமும், பக்திக்கு ஒன்று, இசைக்கு ஒன்று எனப் படங்களோடு வந்த நூல் அது. அதன் ஜெர்மன் பெயர்ப்பைக் காண்டின்ஸ்கி வைத்திருந்தார். கலையில் ஆன்மிகம் பற்றி அவர் எழுதி 1911 இறுதியில் வெளிவந்த நூலில் பிரம்மஞான சபையைக் குறிப்பிடவும் செய்தார். எல்லாம் அடையாற்றிலிருந்து போயிற்று என்று மார்தட்ட மாட்டேன். இசை, ரஷ்ய நாட்டுப்புறக் கலை, மோனே, எல்லாம் சேர்ந்து விளைந்தது அது.

அந்த நூலில்தான் நான் தலைகுனிந்த இடம் இருக்கிறது. நிறங்கள் அசையாமல் இருப்பதில்லை என்கிறார் காண்டின்ஸ்கி. ஒரே அளவில் மஞ்சளாக ஒரு வட்டம், நீலமாக ஒரு வட்டம் வரைந்து பாருங்கள். மஞ்சள் நடுவிலிருந்து வெளியே பரவிப் பார்ப்பவனை நோக்கி வரும். நீலம் தனக்குள் சுருங்கி விலகிப் போகும். சிவப்பு எங்கும் போகாது, இருந்த இடத்திலேயே கொதிக்கும். பச்சைக்கு அசைவே இல்லை. கொழுத்துப் படுத்து அசைபோடும் பசுவுக்கு அதை ஒப்பிட்டுக் கேலி செய்கிறார். ஆகவே ஓடும் குதிரையை வரையாமலே ஓட்டத்தை வரையலாம். நிறங்களை எங்கே எதன் அருகே வைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இதை நான் படிப்பதற்குச் சில நாள் முன்பு, வேடிக்கைக்காக அந்த அச்சோவியத்தை ஆயாவிடம் நீட்டியிருந்தேன். ஆயாவுக்கு இரு கண்ணிலும் புரை. ஓரங்கள் தெரியாது, பூவைக் கை சொல்லும், நிறம் சொல்லும். இது என்ன படம் என்று ஆயா கேட்கவில்லை. அந்தக் கேள்வியே அவருக்கு எழவில்லை. முகத்தருகே வைத்துப் பார்த்துவிட்டு, இந்த மஞ்சள் முன்னால் வருகிறது, நீலம் உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது என்றார். அதற்காகத்தான் சாமந்தியை எப்போதும் முன்வரிசையில் வைப்பதாகவும், மூலை திரும்பி வரும் ஆளை அதுதான் முதலில் இழுக்கும் என்றும் சொன்னார். வீட்டில் மாட்ட லாயக்கில்லாத படம் என்றும் கூடவே சொல்லிவிட்டார். எழுத்தறியாத ஒருவர் பூக்கூடையிலிருந்து கற்றதை ஒரு ரஷ்ய மேதை பல ஆண்டு உழைத்து எழுதியிருந்தார். இரண்டுக்கும் நடுவில், பட்டப் படிப்புப் படிக்கும் நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

ரஷ்யாவில் காண்டின்ஸ்கிக்கு நல்ல காலம் வாய்க்கவில்லை. 1917 புரட்சியில் மாஸ்கோவில் இருந்த சொத்து போயிற்று. புதிய அரசின் கலைத் துறையில் அருங்காட்சியகங்கள் அமைக்கவும் பாடத்திட்டம் வகுக்கவும் உண்மையாகவே உழைத்தார். ஆனால் கலை என்றால் பயன்படு பொருள் செய்வதுதான் என்று முழங்கிய இளைஞர்களுக்கு அவர் பழைய ஆளாகத் தெரிந்தார். 1920-இல் ஒரே மகன் வ்சேவலோத் மூன்று வயது நிறையுமுன் இறந்தான். அந்தத் துயரத்தைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. நானும் கடந்து போகிறேன். 1921 இறுதியில் கணவனும் மனைவியும் பெர்லினுக்குப் புறப்பட்டார்கள். 1922-இல் வைமார் நகரின் பவ்ஹவுஸ் கலைப்பள்ளி அவரை ஆசிரியராக அழைத்துக்கொண்டது.

வந்த ஆண்டே அவர் செய்த வேலைதான் நான் பார்த்துச் சிரித்த படம். சிறு உலகங்கள் என்ற தொகுப்பில் 12 அச்சோவியங்கள். நான்கு கல்லச்சு, நான்கு மரச்செதுக்கு வழி வந்தவை, நான்கு செப்புத் தகட்டில் ஊசியால் கீறி எடுத்தவை. ஆறு வண்ணத்தில், ஆறு கறுப்பு வெள்ளையில். பெர்லின் பதிப்பகம் ஒன்று 230 பிரதிகள் வெளியிட்டது.

கல்லச்சு நமக்குப் புதியதன்று. ஆயா கடையில் மாட்டியிருக்கும் லட்சுமியின் மூதாதையர் கல்லச்சில் பிறந்தவர்கள். ராஜா ரவி வர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கி ஜெர்மன் இயந்திரத்தில் அச்சிட்ட தெய்வப் படங்கள் இந்த முறையில் வந்தவைதான். வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் கொழுப்பு மையால் வரைந்து, கல்லை நீரால் நனைப்பார்கள். நீர் பட்ட இடம் மையை ஏற்காது. வரைந்த இடம் ஏற்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாக வரைந்து, ஒரே தாளை முறை முறையாக அழுத்தி எடுக்க வேண்டும். மயிரிழை விலகினால் லட்சுமியின் உதடு கன்னத்துக்குப் போய்விடும். ரவி வர்மாவின் ஆட்கள் அந்தப் பொருத்தத்தை ஒரு முகத்தின் சாயலுக்காகக் காத்தார்கள். காண்டின்ஸ்கி அதே பொருத்தத்தை நிறங்களின் ஓட்டத்துக்காகக் காத்தார். எங்கள் கழிவுத் தாளில் நிறங்கள் தற்செயலாக விழுந்தவை. இங்கே ஒவ்வொன்றும் எண்ணி வைத்தது. வித்தியாசம் அதுதான். எனக்கு அது தெரிய ஆறு மாதம் ஆயிற்று.

அதே 1922 டிசம்பரில் அவருடைய படைப்புகள் இந்தியா வந்தன. கல்கத்தாவில் கீழ்த்திசைக் கலைக்கான இந்தியச் சங்கம் நடத்திய கண்காட்சியில், காண்டின்ஸ்கி, பால் கிளே முதலிய பவ்ஹவுஸ் ஆசிரியர்களின் படங்களும் ககனேந்திரநாத் தாகூர் முதலிய வங்க ஓவியர்களின் படங்களும் ஒரே கூரையின்கீழ் இடம்பெற்றன. இதற்குப் பாலமாக நின்றவர் சாந்திநிகேதனில் கற்பித்துவந்த கலை வரலாற்றறிஞர் ஸ்டெல்லா கிராம்ரிஷ். அன்றைய ஐரோப்பாவிலேயே பலரும் புரியாமல் நகைத்த படங்களை இந்தியர்கள் நேரில் பார்த்து நூறாண்டு கடந்துவிட்டது.

பின்கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பள்ளி வைமாரிலிருந்து தெசாவுக்கும் பிறகு பெர்லினுக்கும் ஓடியது. 1933-இல் நாஜிகளின் நெருக்கடியில் மூடியது. அந்த ஆண்டு இறுதியில் அவர் பாரிசை ஒட்டிய நெய்யி என்ற இடத்தில் குடியேறினார். 1937-இல் சீர்கெட்ட கலை என்று பெயர் சூட்டி மியூனிக்கில் நாஜிகள் ஒரு கண்காட்சி நடத்தினார்கள். மக்கள் கூடிச் சிரிப்பதற்காகவே நவீன ஓவியங்களை மாட்டி வைத்தார்கள். ஜெர்மன் அருங்காட்சியகங்களிலிருந்து அவருடைய 57 படைப்புகள் பறிமுதலாயின. என் வகுப்பறைச் சிரிப்பு நினைவுக்கு வந்து என்னைச் சுட்டது இங்கேதான். ரஷ்யராகப் பிறந்து ஜெர்மன் குடியுரிமை பெற்றிருந்தவர் 1939-இல் பிரெஞ்சுக் குடிமகன் ஆனார். போர்க்காலத்தில் துணி கிடைக்காமல் சிறு பலகைகளில் வரைந்தார். 1944 டிசம்பர் 13 அன்று, 78 வயது நிறைய மூன்று நாள் இருக்கையில் காலமானார். அன்று பெரிய மார்க்கெட் இருந்த இந்த மண்ணிலும் பறந்தது அதே மூவண்ணப் பிரெஞ்சுக் கொடிதான்.

அவர் போன சில ஆண்டுகளில் அடையாற்றிலிருந்து ஓர் இளைஞர் பாரிஸ் போய்ச் சேர்ந்தார். பெயர் கிருஷ்ணா ரெட்டி. 1925-இல் சித்தூர்ப் பக்கம் பிறந்து, சாந்திநிகேதனில் பயின்று, ருக்மிணி தேவியின் கலாக்ஷேத்திராவில் ஓவியம் கற்பித்தவர். பாரிசில் ஹேய்ட்டர் என்பவரின் அச்சுப் பட்டறையில், தோழர்களோடு சேர்ந்து ஒரு புதுமுறை கண்டார். ஒரே தகட்டை மேடும் பள்ளமுமாகச் செதுக்கி, எண்ணெய்ப் பதம் வேறுபட்ட மைகளை உருட்டினால், அவை ஒன்றோடொன்று கலக்காமல் அவரவர் ஆழத்தில் தங்கும். எல்லா நிறமும் ஒரே அழுத்தில் தாளுக்கு வரும். தனித்தனிக் கல் வேண்டாம். 1963-இல் அவர் செய்த நீர்ச்சுழல் என்ற அச்சோவியத்தின் நகலைப் பாருங்கள். நிறங்கள் தாமே சுழல்வதுபோல் இருக்கும். 2018-இல் நியூயார்க்கில் அவர் மறைந்தபோது எனக்கு அந்தப் பெயரே தெரியாது.

இனி ஆயா. இந்த ஆண்டு பொங்கலுக்கு முந்தின நாள், நல்ல கூட்டத்தில், பச்சை கலந்த மஞ்சளான 20 ரூபாய்த் தாளை 200 ரூபாய் என்று எண்ணி மீதிச் சில்லறை கொடுத்துவிட்டார். புரை விழுந்த கண்ணுக்கு இரண்டும் ஒரே மஞ்சள். வாங்கியவர் பேசாமல் போய்விட்டார். இரவு கணக்கு இடித்தபோது ஆயா அழவில்லை. நிறமும் என்னை ஏமாற்ற ஆரம்பித்துவிட்டதா என்று ஒருமுறை கேட்டுவிட்டு, மூன்று ஆண்டாக மறுத்துவந்த அறுவைக்குச் சம்மதித்தார். மோனேவுக்கும் முதுமையில் புரை வந்தது. 1923-இல் அறுவை செய்துகொண்டார். இதை ஆயாவிடம் சொன்னேன். அந்த வைக்கோல்காரருக்கு அப்புறம் தெரிந்ததா என்று மட்டும் கேட்டார். தெரிந்தது என்றேன்.

கட்டு அவிழ்த்த நான்காம் நாள் கடைக்கு வந்து உட்கார்ந்தவர், முதலில் தார்ப்பாயைத்தான் பார்த்தார். புதிது மாட்டினாயா என்று கேட்டார். அதே பழைய தார்ப்பாய்தான். கண்ணில் முற்றிய புரை மஞ்சள் கண்ணாடிபோல் நீலத்தை மறைத்துவிடும் என்று மருத்துவர் பிறகு விளக்கினார். அன்று மாலையே அந்தப் புத்தகத்தை எடுத்து வரச் சொன்னார் ஆயா. பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தேன். மஞ்சளை விட்டுவிட்டு நீலத்தின்மேல் விரலை வைத்து, வெகுநேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்தார். மூன்று முழம் மல்லி கேட்டு ஓர் அம்மாள் வந்து நின்றதும் புத்தகத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் பூவை அளக்கத் தொடங்கினார்.